ஃபெடெக்ஸ் ஃப்ரெட் ஸ்மித், பட்டாளத்திலிருந்து பார்சலுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஃப்ரெட் ஸ்மித் 2025 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் காலமானார். வயது 80. அவர் பெயரை எடுத்தால் வாட்ஸ்அப்பில் வருகிற கதைகள் இரண்டே இரண்டு. வாத்தியார் மட்டம் தட்டிய கல்லூரிக் கட்டுரை ஒன்று, சூதாடி ஜெயித்துக் கம்பெனியைக் காப்பாற்றியது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வியட்நாம் யுத்தத்தில் கழிந்த வருடங்களை யாரும் சீண்டுவதில்லை. என் கணக்கில் ஃபெடெக்ஸின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஏழ்மையில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவரா?

இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் மார்க்ஸ் என்ற சின்ன ஊரில் 1944 ஆகஸ்ட் 11 அன்று பிறந்தார். அப்பா பெரும் பணக்காரர். தென் மாநிலங்களில் பஸ் கம்பெனி நடத்தினார். அது பின்னாளில் கிரேஹவுண்ட் குழுமத்தோடு சேர்ந்தது. டாடில் ஹவுஸ் என்ற சாப்பாட்டுக் கடைத் தொடரும் அவருடையதுதான். வண்டி ஓட்டிச் சம்பாதித்த குடும்பம் என்று சொல்லலாம்.

ஆனால் மகனுக்கு நாலு வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். அதோடு இடுப்பு எலும்பில் ஒரு நோய். சின்ன வயதில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. பத்து வயது வாக்கில்தான் சரியானது. பதினைந்து வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓட முடியாமல் உட்கார்ந்திருந்த பையன் பறக்கப் போனான் என்று இதைக் கவிதையாக்க ஆசை வருகிறது. வேண்டாம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைத்தது, அவ்வளவுதான்.

கல்லூரிக் கட்டுரைக்கு 'சி' கிரேடு வாங்கிய கதை உண்மையா?

பாதி உண்மை. யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தபோது, 1965 வாக்கில், ஒரு கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டரும் மின்னணுச் சாதனங்களும் பெருகப் பெருக, அவற்றின் உதிரி பாகங்களை உடனுக்குடன் ஊர் ஊராகக் கொண்டுசேர்க்க வேண்டிவரும், பயணிகள் விமானத்தில் மீந்த இடத்தில் சரக்கை ஏற்றும் அன்றைய முறை அதற்குத் தாங்காது என்பதுதான் விஷயம். மதிப்பெண் என்ன வந்தது என்று கேட்டால், ஞாபகமில்லை என்றே அவர் சொல்லிவந்தார். 'சி' என்பது ஊர் ஒட்டவைத்த வால். கட்டுரை எழுதியதற்கும் கம்பெனி தொடங்கியதற்கும் நடுவில் ஆறு வருடம் ஓடியிருக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அந்த ஆறு வருடத்தில் என்ன செய்தார்?

1966-ல் பட்டம் வாங்கிய கையோடு மரைன் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இரண்டு முறை வியட்நாம் போனார். முதல் முறை காலாட்படையில் பிளட்டூன் என்ற சிறு அணிக்குத் தலைவர், பிறகு அப்படிச் சில அணிகள் சேர்ந்த 'கம்பெனி' என்ற படைப்பிரிவுக்கே தலைவர். அப்போது அவருக்கு 23 வயது. 1968 மே மாதம் குவாங் நாம் மாகாணத்தில் அவருடைய கம்பெனி எதிரியின் கடுமையான தாக்குதலில் சிக்கியது. குண்டுகளுக்கு நடுவே ஓடி ஆட்களை ஒழுங்குபடுத்தி, எதிர்த்தாக்குதல் நடத்தி, வான் தாக்குதலுக்கும் வழிகாட்டியதற்காக சில்வர் ஸ்டார் பதக்கம் கொடுத்தார்கள். பிரோன்ஸ் ஸ்டார் என்ற வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உண்டு. காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் இரண்டு.

பலர் அவரைப் போர் விமானி என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும்தான், ஆனால் மரைன் படையில் அவர் விமானி கிடையாது. இரண்டாவது முறை போனபோது ஓவி-10 என்ற சிறு விமானத்தின் பின் இருக்கையில் உட்கார்ந்து, தரையில் நடப்பதைப் பார்த்துக் குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்கு காட்டும் வேலை. அப்படி 200 தடவைக்கு மேல் பறந்திருக்கிறார். 1969-ல் கேப்டனாக வெளியே வந்தார்.

யுத்தத்துக்கும் கூரியருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சம்பந்தம் எனக்குத் தெரிகிறது.

முதலாவது சரக்கு. வியட்நாமில் அமெரிக்கப் படைக்கு எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் வேண்டிய பொருள் வேண்டிய இடத்தில் இருக்காது. யாருக்கு என்ன தேவை என்று கேட்காமல் மேலேயிருந்து தள்ளிவிட்டபடியே இருப்பார்கள். ஒரு பக்கம் மலைபோல் குவிந்து மழையில் நனையும், இன்னொரு பக்கம் அதே சாமானுக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். எது எங்கே இருக்கிறது என்ற தகவல் இல்லாவிட்டால் எவ்வளவு சரக்கு இருந்தும் பயனில்லை என்பதை அவர் படித்தது அங்கேதான்.

இரண்டாவது ஆட்கள். யேலில் படித்த பணக்காரப் பையன், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பதுங்குகுழியில் தூங்கினார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். அவர்களுடைய நம்பிக்கையைச் சம்பாதிக்காமல் உத்தரவு மட்டும் போட்டால் வேலைக்காகாது. புதிதாக வந்த லெப்டினன்ட் ஸ்மித்திடம் அனுபவசாலியான ஒரு சார்ஜன்ட் சொன்னாராம்: நீங்கள் ஞாபகம் வைக்க வேண்டியது மூன்றுதான். சுட வேண்டும், நகர வேண்டும், தகவல் சொல்ல வேண்டும். ஸ்மித் இதை வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாவதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது கூரியர் தொழில்தானே!

அத்தனை பொருளை வெடித்துத் தகர்த்த பிறகு உருப்படியாக ஏதாவது கட்ட வேண்டும் என்று தோன்றியது என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற பெயர் எப்படி வந்தது? அரசாங்கக் கம்பெனியா?

அரசாங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்பு வேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பெயர் அது. அமெரிக்காவின் ரிசர்வ் வங்கிக்கு ஃபெடரல் ரிசர்வ் என்று பெயர், பல ஊர்களில் கிளை கொண்டது. செக்குகள் ஊர்விட்டு ஊர் போய்ப் பணமாக நாள் கணக்கில் ஆகும். அவற்றை ராத்திரியோடு ராத்திரியாக விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒப்பந்தம் கிடைக்கும் என்று நம்பி, 1971 ஜூனில் கம்பெனியைப் பதிந்து, இரண்டு விமானமும் வாங்கிவிட்டார். வங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விமானமும் பெயரும் மிச்சம். பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். 1994-ல்தான் ஃபெடெக்ஸ் என்று சுருங்கியது.

அப்பா விட்டுப்போன சொத்திலிருந்து சுமார் 40 லட்சம் டாலர் போட்டார். வெளியே முதலீட்டாளர்களிடம் திரட்டியது கிட்டத்தட்ட 9 கோடி டாலர். அன்றைய அமெரிக்காவில் புதுத் தொழிலுக்கு அது கேள்விப்படாத தொகை.

எல்லாப் பார்சலும் ஏன் மெம்ஃபிஸ் போய்த் திரும்ப வேண்டும்? பைத்தியக்காரத்தனமாக இல்லையா?

இருக்கும்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு அனுப்பும் கவரை நாக்பூர் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவருவேன் என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 300 வழித்தடம் வேண்டும். அத்தனையிலும் தினமும் விமானம் ஓட்டினால் பாதி காலியாகத்தான் போகும். நடுவில் ஒரு மையம் வைத்தால் 25 வழித்தடம் போதும். சாயங்காலம் எல்லா ஊரிலிருந்தும் விமானங்கள் மையத்துக்கு வரும். நள்ளிரவில் பிரிப்பார்கள். விடிவதற்குள் திரும்பிப் போய்விடும். சைக்கிள் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் மாதிரி.

மெம்ஃபிஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாட்டின் நடுப்பகுதிக்குப் பக்கம், பனியால் விமான நிலையம் மூடிக்கிடக்கும் நாட்கள் குறைவு, நிலையத்தை நடத்தியவர்கள் கேட்ட வசதியைச் செய்துகொடுத்தார்கள். முதலில் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில்தான் தொடங்கினார். அங்கே தேவையான இடவசதி அமையவில்லை.

இந்த 'ஹப்' முறை அவருடைய கண்டுபிடிப்பா?

இல்லை. அப்படி அவரே உரிமை கொண்டாடியதும் இல்லை. ஒரு பேட்டியில், இதை இந்தியத் தபால் துறை ஏற்கெனவே செய்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நமக்கு இது கேட்க வேண்டிய விஷயம். 1949-லேயே இந்தியாவில் இரவு விமான அஞ்சல் சேவை வந்துவிட்டது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலிருந்தும் ராத்திரி கிளம்பும் விமானங்கள் நாக்பூரில் சந்திக்கும், தபால் மூட்டைகளை மாற்றிக்கொள்ளும், விடிகாலையில் அவரவர் ஊருக்குத் திரும்பும். மீனம்பாக்கத்தில் இறங்கிய அந்த மூட்டைகளில்தான் அன்றைய மெட்ராஸுக்கு டெல்லிக் கடிதம் மறுநாளே வந்தது.

ஸ்மித் சேர்த்தது வேறு. விமானம், வேன், வீட்டு வாசலில் கையெழுத்து வாங்கும் ஆள் என்று முழுச் சங்கிலியையும் ஒரே கம்பெனியின் கையில் வைத்தார்.

முதல் ராத்திரி எத்தனை பார்சல்?

1973 ஏப்ரல் 17. 14 விமானம், 389 ஊழியர், 25 ஊர். பார்சல்கள் 186. ஆளுக்கு அரைப் பார்சல்கூடத் தேறவில்லை.

விமானங்கள் பிரான்சின் தசோ கம்பெனி செய்த ஃபால்கன் 20. பணக்காரர்கள் பயணம் போகும் சிறு ஜெட். அதில் சரக்குக் கதவு பொருத்தி வாங்கினார்கள். பெரிய விமானம் ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். வாங்கினால் அரசின் விமானப் போக்குவரத்து வாரியத்திடம் வழித்தடத்துக்கு வழித்தடம் அனுமதி கேட்டு அலைய வேண்டும். 7,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3,400 கிலோவுக்கு, உள்ளே ஏற்றுகிற சின்ன விமானங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சட்டத்தில் இருந்த சந்து வழியே நுழையும் அளவுக்கு விமானம் பார்த்து எடுத்தார் என்பதே சரி.

சூதாட்டத்தில் ஜெயித்துக் கம்பெனியைக் காப்பாற்றினாரா?

நடந்ததுதான். ஆனால் காப்பாற்றியது அது இல்லை. ஆரம்ப காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கையில் இருந்தது 5,000 டாலர். திங்கட்கிழமை எரிபொருளுக்குக் கட்ட வேண்டியது சுமார் 24,000. முதலீடு கேட்டுப்போன இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். நேரே லாஸ் வேகாஸ் போய் பிளாக்ஜாக் ஆடி 27,000 டாலரோடு வந்தார். ஒரு வாரம் ஓடியது.

ஒரு வாரம்தான். முதல் 26 மாதங்களில் மொத்த நஷ்டம் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர். அதற்கு முன்னால் 27,000 எம்மாத்திரம்? 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் எரிபொருள் விலை தாறுமாறாக ஏறியது. விமானிகள் சொந்த கிரெடிட் கார்டைத் தேய்த்து எரிபொருள் போட்டதும், கைக்கடிகாரத்தை அடகு வைத்ததும் கம்பெனிக்குள் இன்றும் சொல்கிற கதைகள். முதலாளி சூதாடியதைவிட இந்தக் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பட்டாளத்தில் கற்றது பலித்த இடமும் இதுவே.

கெட்ட பெயர் எதுவும் வரவில்லையா?

வந்தது. அப்பாவின் முந்தைய திருமணங்களில் பிறந்த அக்காமார் இருவரோடு சேர்த்துக் குடும்ப டிரஸ்ட் ஒன்று இருந்தது. கம்பெனி மூச்சுத் திணறிய நேரத்தில் அந்த டிரஸ்டின் பெயரில் பொய் ஆவணம் காட்டி வங்கியில் 20 லட்சம் டாலர் கடன் வாங்கினார் என்று 1975-ல் வழக்கு. அந்த வருடக் கடைசியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கு போனாலும் உடன்பிறந்தவர்களோடு கோர்ட் வாசல் மிதித்தது மிதித்ததுதான். வீட்டுப் பணத்தில் தொழில் செய்கிற எவருக்கும் தெரிந்த வலி.

எப்போது நிமிர்ந்தது?

1975 நடுவில் முதல் லாபம் எட்டிப் பார்த்தது. 1977-ல் சரக்கு விமானங்கள் மீதிருந்த கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு நீக்கியது. அதற்காக வாஷிங்டனில் விடாமல் பேசியவர்களில் ஸ்மித் ஒருவர். உடனே பெரிய போயிங் 727 விமானங்கள் வாங்கினார். 1978-ல் பங்குச் சந்தை. 1983-ல் வருட வருமானம் 100 கோடி டாலரைத் தொட்டது. வேறு கம்பெனியை வாங்கி இணைக்காமல் பத்தே வருடத்தில் அந்த எல்லையைத் தொட்ட முதல் அமெரிக்கக் கம்பெனி என்பார்கள்.

1989-ல் ஃப்ளையிங் டைகர் என்ற சரக்கு விமானக் கம்பெனியை வாங்கினார். அதையும் 1945-ல் தொடங்கியவர்கள் உலகப் போரிலிருந்து திரும்பிய விமானிகள்.

தோற்ற இடம்?

ஜாப்மெயில். 1984-ல் கொண்டுவந்த சேவை. ஆவணத்தை ஃபெடெக்ஸ் அலுவலகத்தில் கொடுத்தால் ஃபேக்ஸ் வழியே அடுத்த ஊர் அலுவலகத்துக்குப் போகும், அங்கே பிரிண்ட் எடுத்து இரண்டு மணி நேரத்தில் வீட்டில் கொடுப்பார்கள். அதற்குள் ஃபேக்ஸ் மெஷின் விலை இறங்கி ஆளாளுக்கு வாங்கிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் 30 கோடி டாலருக்கு மேல் போனதும் இழுத்து மூடினார்.

டிராக்கிங் நம்பர் இவர் கொண்டுவந்ததா?

பார்சலைப் போலவே பார்சலைப் பற்றிய தகவலும் முக்கியம் என்று 1970-களின் கடைசியிலேயே சொல்லிவிட்டார். வியட்நாமில் நனைந்த சரக்குக் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். 1979-ல் காஸ்மாஸ் என்ற மையக் கம்ப்யூட்டர் அமைப்பு, 1986-ல் டெலிவரி ஆள் கையில் ஸ்கேனர், 1994-ல் வாடிக்கையாளரே இணையத்தில் பார்க்கும் வசதி. இன்று ஊருக்குள் ஓடுகிற சின்ன கூரியர்கூட இதைச் செய்யாமல் பிழைக்க முடியாது.

ஊழியர்களிடம் எப்படி?

முதலில் ஆட்கள், பிறகு சேவை, அப்புறம்தான் லாபம் என்பது அவர் வகுத்த வரிசை. நன்றாக வேலை செய்தவருக்கு அங்கே கொடுக்கும் பாராட்டின் பெயர் 'பிராவோ ஸூலு'. கடற்படையில் கொடிகளை ஏற்றி 'சபாஷ்' சொல்லும் குறி அது. பட்டாளத்தை அலுவலகத்துக்குள் கூட்டிவந்துவிட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தரைவழிப் பிரிவில் வேன் ஓட்டியவர்களை ஊழியர்கள் என்று கணக்கில் வைக்காமல் தனி ஒப்பந்தக்காரர்கள் என்று வைத்திருந்தார்கள். வண்டிச் செலவும் சீருடைச் செலவும் ஓட்டுநர் தலையில். பல மாநிலங்களில் வழக்கு நடந்தது. கலிஃபோர்னியா ஓட்டுநர்களுக்கு மட்டும் 2015-ல் 22 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டிவந்தது. விமானிக்குக் கிடைத்த மரியாதை வேன்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியை அவருடைய வரிசையை வைத்தே கேட்கலாம்.

குடும்பம்?

பெரிய குடும்பம். இரண்டு திருமணம், மொத்தம் பத்துப் பிள்ளைகள். 1969-ல் நடந்த முதல் திருமணம் 1977-ல் முறிந்தது. கம்பெனி பிழைக்குமா என்று போராடிய அதே வருடங்கள். அந்த மண வாழ்க்கையில் இரண்டு மகள்கள். பிறகு டயானைத் திருமணம் செய்து கடைசிவரை சேர்ந்து வாழ்ந்தார். எட்டுப் பிள்ளைகள்.

மகன் ரிச்சர்ட் ஃபெடெக்ஸில் உயர் பொறுப்புக்கு வந்தார். ஆர்தர் அப்பாவின் தொழில் பக்கமே போகாமல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஆனார். 2021 முதல் மூன்று பருவம் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். மகள் மாலி சினிமாத் தயாரிப்பாளர். சினிமா என்றதும் ஒன்று: 2000-ல் வந்த 'காஸ்ட் அவே' படத்தில் தீவிலிருந்து திரும்பும் ஃபெடெக்ஸ் ஊழியரை வரவேற்கும் முதலாளியாக வருவது ஸ்மித்தேதான்.

மூத்த மகள் வின்ட்லண்ட். வீட்டில் வெண்டி. காட்டு விலங்குகளையும் இயற்கையையும் படமெடுத்தவர். 2005-ல் 35 வயதில் திடீரென்று இறந்துபோனார். இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும் பரம்பரைக் கோளாறு. திடீர் மரணங்களின் மரபணுக் காரணங்களை ஆராயும் ஆய்வகம் ஒன்று இன்று மேயோ கிளினிக்கில் அவர் பெயரில் இயங்குகிறது.

பட்டாளத்திலிருந்து வந்து இந்தியாவில் இப்படி முயன்றவர் உண்டா?

கேப்டன் கோபிநாத். 1971 போரில் இருந்தவர், 28 வயதில் ராணுவத்தை விட்டு விவசாயம் பார்த்து, 2003-ல் ஏர் டெக்கான் மூலம் மலிவு விலை விமானப் பயணத்தைக் கொண்டுவந்த கர்நாடகக்காரர். அதற்குப் பிறகு 2009-ல் டெக்கான் 360 என்ற சரக்கு விமான சேவை தொடங்கினார். மையம் எது தெரியுமா? நாக்பூர்! ஆனால் ஏர்பஸ் ஏ310 விமானங்களை நிரப்பும் அளவுக்குச் சரக்கு சேர்வதற்குள் பணம் தீர்ந்தது. இரண்டு வருடத்துக்குள் நின்றது. ஸ்மித்துக்கும் 26 மாதம் நஷ்டம்தான். அவருக்குப் பின்னால் 9 கோடி டாலர் இருந்தது.

ஸ்மித்துக்குப் பிறகு யார்?

2022 ஜூன் 1 அன்று தலைமை நிர்வாகி பதவியை விட்டார். கம்பெனி தொடங்கி ஐம்பது வருடம் கழித்து! மகன் உயர் பொறுப்பில் இருந்தும் நாற்காலி போனது திருவனந்தபுரத்தில் பிறந்து, பம்பாய் ஐஐடியில் படித்து, 1991 முதல் ஃபெடெக்ஸிலேயே வளர்ந்த ராஜ் சுப்பிரமணியத்துக்கு. ஸ்மித் இறக்கும்வரை செயல் தலைவராக இருந்தார். அப்போது ஊழியர் எண்ணிக்கை 5 லட்சத்துக்கு மேல்.

அந்த முதல் விமானத்தை இப்போது பார்க்க முடியுமா?

முடியும். வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தின் உட்வர்-ஹேஸி மையத்தில் நிற்கிறது. ஃபெடெக்ஸ் விமானங்களுக்கு ஊழியர்களின் பிள்ளைகள் பெயரை வைப்பது வழக்கம். குலுக்கல் போட்டுப் பெயர் எடுப்பார்கள். 1973 ஏப்ரலில் முதல் பார்சலைச் சுமந்த அந்தக் குட்டி ஃபால்கனின் மூக்கில் எழுதியிருக்கும் பெயர் வெண்டி.